43-ஆவது மணி நேரம்: பிரான்ஸ் ஆட்டுப் பண்ணைகளில் சினை ஊசி தவறியது ஏன்? ஒரு நிகழ்வு ஆய்வு

வெள்ளாட்டுக்குச் சினை ஊசி (கிடா இல்லாமல் உறைய வைத்த விந்தைக் கருப்பைக்குள் செலுத்துவது) என்று சொன்னதும் நம்மூரில் வரும் முதல் கேள்வி, "நிக்குமா?" என்பதுதான். நியாயமான கேள்வி. மாட்டுக்குப் போட்டுப் பழகிய கை ஆட்டுக்குப் போடும்போது பல இடங்களில் தவறுகிறது. போட்டவர் உறைவிந்து அடைத்த குச்சியைக் குறை சொல்வார், குச்சி கொடுத்தவர் ஆட்டைக் குறை சொல்வார், கடைசியில் ஆடு சந்தைக்குப் போய்விடும்.

இதே கேள்வியை விடாமல் துரத்தி விடை கண்டவர்கள் பிரெஞ்சு ஆராய்ச்சியாளர்கள். அவர்கள் பண்ணைகளில் ஊசி ஓரளவு நன்றாகவே நின்றது. ஆனால் ஒரு குறிப்பிட்ட வகை ஆடுகளில் மட்டும் ஆண்டுக்கு ஆண்டு பொய்த்தது. அந்த ஆடுகள் எவை, ஏன் பொய்த்தது என்பதுதான் இந்த ஆய்வின் பொருள். ஆட்டுக்கு ஊசி போட நினைக்கும் ஒவ்வொருவரும் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

எதற்காக ஊசி?

பிரான்சின் மேற்குப் பக்கம், த்யூ-சேவ்ர், வியென் மாவட்டங்கள், ஆட்டுப்பாலுக்குப் பேர் போனவை. ஆல்பைன், சானென் இரண்டும்தான் அங்கே முக்கிய இனங்கள். பாலில் பெரும்பகுதி சீஸாகிறது.

அந்த ஆடுகள் நம் ஆடுகளைப் போல ஆண்டு முழுக்கப் பருவத்துக்கு வருவதில்லை. பகல் சுருங்கத் தொடங்கியதும், செப்டம்பர் வாக்கில்தான் கிடா தேடும். குளிர்காலம் முடிந்தால் அதுவும் நின்றுவிடும். சினைக்காலம் 150 நாள். அப்படியே விட்டால் மந்தை மொத்தமும் பிப்ரவரி, மார்ச்சில் ஈன்று, குளிர்காலத்தில் பால் வற்றிப்போகும். சீஸ் ஆலைக்கோ குளிர்காலத்திலும் பால் வேண்டும். அப்போது விலையும் கூடுதல். அதனால் மந்தையில் ஒரு பகுதியையாவது வசந்த காலத்தில், அதாவது சினையகம் ஓய்வில் இருக்கும் நேரத்தில், சினைப்படுத்தியாக வேண்டும்.

இன்னொரு காரணம் கிடா. கிடா பால் கறக்காது. அதன் தரம் அதற்குப் பிறந்த பெட்டைகளின் மடியில்தான் தெரியும். ஒரே கிடாவின் மகள்கள் பல பண்ணைகளில் கறந்தால்தான் தீவனம், பராமரிப்பு வித்தியாசங்களைத் தாண்டிக் கிடாவை எடை போட முடியும். கிடாவையே பண்ணை பண்ணையாக ஓட்டிப் போனால் மூட்டுவீக்கம் உண்டாக்கும் சிஏஇ போன்ற நோய்களும் கூடவே போகும். விந்துக் குச்சி போனால் அந்தக் கவலை குறைவு. 1987-ல் பிரெஞ்சு ஆராய்ச்சியாளர் குரோகுளோ குழுவினர், ஆட்டுப்பாலின் ஆல்ஃபா எஸ்1 கேசின் புரதத்தின் அளவை ஒரே மரபணுவின் வெவ்வேறு வடிவங்கள் தீர்மானிப்பதைக் காட்டினார்கள். வலுவான வடிவம் ஒரு பிரதிக்கு லிட்டருக்குச் சுமார் 3.6 கிராம் தருகிறது. எஃப் என்ற வடிவம் சுமார் 0.6 கிராம்தான். சீஸ் செய்பவருக்கு இது மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். அப்புறம் கிடாவைத் தேர்ந்தெடுப்பதில் ஆர்வம் இன்னும் கூடியதில் வியப்பில்லை. காப்ஜென் என்ற தேசிய இனவிருத்தி அமைப்பின் கிடாக்களைக் கொண்டு ஆண்டுக்குச் சுமார் 80,000 ஊசிகள் போடும் அளவுக்கு இந்த ஏற்பாடு வளர்ந்தது.

பஞ்சு, ஊசி, கடிகாரம்

பண்ணைகளில் நடைமுறைக்கு வந்த முறை இது. 45 மில்லிகிராம் ஃபுளோரோஜெஸ்டோன் என்ற புரோஜெஸ்டோஜென் ஹார்மோன் ஏற்றிய சிறு பஞ்சை ஆட்டின் பிறப்புறுப்புக்குள் வைத்து 11 நாள் விட்டுவிடுவார்கள். சினையில் இருப்பதாக உடம்பை நம்பவைக்கும் வேலை அதனுடையது. பஞ்சை எடுப்பதற்கு 48 மணி நேரம் முன்பு இரண்டு ஊசிகள். ஒன்று குளோபுரோஸ்டினால், முட்டை வெளிவந்த இடத்தில் உண்டாகும் பழைய மஞ்சள் திசு இருந்தால் கரைப்பதற்கு. இன்னொன்று பிஎம்எஸ்ஜி என்கிற இசிஜி, முட்டைப் பைகளை வளர்த்து விடுவதற்கு. இதன் அளவு ஆண்டின் காலத்தையும் பால் கறவையையும் பொறுத்து 400 முதல் 600 யூனிட் வரை. பஞ்சை எடுத்ததிலிருந்து 43 முதல் 45 மணி நேரத்தில் எல்லா ஆடுகளுக்கும் ஒரே மூச்சில் சினை ஊசி. ஒரு குச்சியில் சுமார் 10 கோடி விந்தணுக்கள்.

பருவம் வந்ததா என்று ஒவ்வொரு ஆட்டையும் பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம், கடிகாரம் போதும் என்பதுதான் இதன் கவர்ச்சி. ஊசி போடுபவர் ஒரே நாளில் வந்து முடித்துவிட்டுப் போகலாம். 100 ஆட்டுக்குப் போட்டால் சராசரியாக 60, 65 ஈனும். உறைவிந்துக்கு இது நல்ல கணக்கு.

இசிஜி பற்றி இங்கேயே சொல்லிவிட வேண்டும். இது சினைக் குதிரையின் ரத்தத்தில் ஏறக்குறைய 40-ஆம் நாளிலிருந்து 130-ஆம் நாள் வரை இருக்கும் ஹார்மோன். 1930-ல் கோல், ஹார்ட் என்ற இருவர் கண்டுபிடித்தது. ஆட்டின் உடம்பில் இது முட்டைப் பையை வளர்க்கும் எஃப்எஸ்எச், முட்டையை வெடித்து வரவைக்கும் எல்எச் என்ற இரண்டு ஹார்மோன்களின் வேலையையும் செய்யும். ரத்தத்தில் நீண்ட நேரம் தங்குவதால் ஒரே ஊசி போதும். எஃப்எஸ்எச் கொடுப்பதானால் திரும்பத் திரும்பக் குத்த வேண்டும். மலிவு, எளிது. ஆனால் ஆட்டுக்கு அது அந்நியப் புரதம். கதையின் முடிச்சு இந்த இடத்தில்தான் விழுகிறது.

யாரைச் சந்தேகிப்பது?

ஊசி நிற்காதபோது முதல் பழி விந்தின் மேல். ஆட்டைப் பொறுத்தவரை அந்தச் சந்தேகத்துக்கு ஒரு வரலாறே உண்டு. மாட்டு விந்துக்கு முட்டை மஞ்சள் கரு நல்ல பாதுகாப்பு. அதையே ஆட்டு விந்தில் கலந்தால் திரிந்து கெட்டியாகிவிடும். 1957-ல் ஏ. ராய், நேச்சர் இதழில் இதற்குக் காரணமான நொதி கிடாவின் கௌப்பர் சுரப்பியிலிருந்து வருகிறது என்று காட்டினார். அந்த நொதி மஞ்சள் கருவின் லெசித்தினை உடைக்கும். உடைந்து வரும் பொருள் விந்தணுவையே கொல்லும்.

சரி, மஞ்சள் கரு வேண்டாம், கொழுப்பு நீக்கிய பால் போதும் என்று போனார்கள். அதிலும் சில மணி நேரத்தில் அணுக்கள் ஓய்ந்தன. பிரான்சின் தேசிய வேளாண் ஆராய்ச்சி நிறுவனமான இன்ராவின் கோர்த்தேல் 1970-களில் விந்துத் திரவத்தைக் கழுவி நீக்கிவிட்டால் பாலில் அணுக்கள் தாங்கும் என்று காட்டினார். ஏன் என்பதற்கு விடை 1990-களின் பிற்பகுதியில் பெல்லிசே-ரூபியோ, கொம்பார்னூ ஆகியோரிடமிருந்து வந்தது. அதே சுரப்பியிலிருந்து வரும் ஒரு லைபேஸ் நொதி, பாலில் மிச்சம் மீதி ஒட்டிக்கொண்டிருக்கும் கொழுப்பை அறுத்து ஒலியிக் அமிலத்தை விடுவிக்கிறது. அந்த அமிலம் அணுவின் சவ்வைச் சிதைக்கிறது. கொழுப்பு நீக்கிய பால் என்று டப்பாவில் எழுதியிருந்தாலும் அந்த நொதிக்குப் போதுமான கொழுப்பு அதில் இருக்கிறது. கழுவாமல் உறைய வைத்த ஆட்டு விந்தை வைத்துக்கொண்டு பெட்டை ஆட்டைக் குறை சொன்ன காலம் எவ்வளவு நீண்டிருக்கும் என்று நினைத்தால் எனக்கு மனம் கனக்கும். எது எப்படியோ, பிரான்சில் விந்தைக் கழுவியே உறைய வைத்தார்கள். அந்தக் குச்சியே மற்ற ஆடுகளில் நன்றாக நின்றது. ஆகவே விந்து குற்றவாளி இல்லை.

அடுத்து பொய்ச்சினை. சில ஆடுகளில் கரு இல்லாமலே கருப்பையில் நீர் கோத்து நிற்கும். ஆடு சினை போலவே இருக்கும். ஸ்கேன் போட்டால் தெரிந்துவிடும். பஞ்சு வைப்பதற்கு முன் ஸ்கேன் செய்து இவற்றை ஒதுக்குவது நல்ல பண்ணைகளில் வழக்கம்.

மூன்றாவது, போடுபவரின் கை. இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். ஏனென்றால் நான் உண்மையைக் கண்ணால் பார்த்தது இந்த இடத்தில்தான்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு தனியார் பண்ணையில் 14 ஆடுகளுக்குப் பஞ்சு வைத்து, மணி கணக்கிட்டு ஊசி போட்டோம். ஆட்டின் பின்னங்கால்களை ஒருவர் தூக்கித் தன் தொடைமேல் தாங்கிக்கொள்வார். தலை கீழாகச் சரிந்து இருக்கும். வழுவழுப்புக்கு ஜெல் தடவிய ஸ்பெகுலத்தை (உள்ளே விரித்துப் பார்க்கும் கருவி) உள்ளே விட்டு விளக்கடித்தால், ஆழத்தில் ரோஜா நிற மொட்டுப் போலக் கருப்பை வாய் தெரியும். பருவம் சரியாக இருக்கும் ஆட்டில் அது சிவந்து, சற்றே தளர்ந்து இருக்கும். அடியில் தேங்கிய கோழை கலங்கி, கெட்டியாகி, நீர்த்த தயிர் மாதிரி நிற்கும். விந்தைச் செலுத்தும் நீண்ட குழலான ஏஐ கன்னின் நுனியை அந்த மொட்டின் நடுவில் வைத்து மெதுவாகத் திருகினால் வளையம் வளையமாகத் தாண்டும். ஒவ்வொரு வளையம் தாண்டும்போதும் விரலில் ஒரு சிறு 'கடக்' தெரியும். செம்மறியில் இந்த வழி கோணல் மாணலாகப் போகும், உள்ளே போகவே விடாது. வெள்ளாட்டில் இரண்டு, மூன்று வளையமாவது பெரும்பாலும் தாண்டிவிடலாம். ஆழமாக விட்டால் பலன் கூடுதல்.

ஏழாவது ஆடு வந்தது. அதே பஞ்சு, அதே மருந்து, அதே மணி. ஸ்பெகுலத்தில் பார்த்தால் வாய் வெளிறி இறுகிக் கிடந்தது. கோழை கொஞ்சமே, கண்ணாடி மாதிரித் தெளிவாக. கன் முதல் வளையத்தோடு நின்றுவிட்டது. காலைத் தூக்கிப் பிடித்திருந்த அக்கா அந்தப் பண்ணையில் நெடுநாளாக ஆடு பார்ப்பவர். "இது இன்னும் கிடாவுக்கு வரல தம்பி. வாலைப் பாருங்க, ஆட்டவே இல்ல. நாளைக்குத்தான்" என்றார். அட்டவணை என்ன சொன்னதோ அதைத்தான் நான் செய்தேன். வாயிலேயே விட்டுவிட்டு அடுத்த ஆட்டுக்குப் போனேன். மறுநாள் காலை அந்த ஆடு கத்திக்கொண்டு கொட்டில் கம்பியில் உரசியது. பண்ணைக் கிடாவையே விட்டார்கள். பண்ணைப் பதிவேட்டைப் புரட்டினேன். போன ஆண்டும் அதற்கு முந்தைய ஆண்டும் அந்த ஆட்டுக்குப் பஞ்சும் பிஎம்எஸ்ஜி ஊசியும் போட்டிருந்தார்கள்.

பிரான்சில் என்ன கண்டுபிடித்தார்கள் என்பதை நான் தேடிப் படிக்கத் தொடங்கியது அதற்குப் பிறகுதான்.

தாமதமாக வந்த ஆடுகள்

வியென் மாவட்டத்து ரூயேவில் இன்ராவின் சினை ஊசி ஆராய்ச்சி நிலையம் இருந்தது. பாரில், லெபோஃப் ஆகியோர் அடங்கிய குழு 1993-ல் வெளியிட்ட ஆய்வு, கேட்பதற்கு மிக எளிய கேள்வியைக் கேட்டது. பஞ்சை எடுத்தபின் ஒவ்வொரு ஆடும் எந்த மணியில் பருவத்துக்கு வருகிறது? அதற்கும் சினை நிற்பதற்கும் தொடர்பு உண்டா?

தொடர்பு இருந்தது. 30 மணி நேரத்துக்குள் பருவத்துக்கு வந்த ஆடுகளில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு ஈன்றன. அதற்குப் பின் வந்தவற்றில் மூன்றில் ஒரு பங்குதான். அதே விந்து, அதே கை.

காரணம் புரியக் கணக்கைப் போட்டுப் பார்க்க வேண்டும். பருவம் தொடங்கிக் கொஞ்ச நேரத்தில் மூளையடிச் சுரப்பியிலிருந்து எல்எச் ஹார்மோன் ஒரே வீச்சில் பொங்கும். அது பொங்கி ஏறக்குறைய ஒரு நாள் கழித்து முட்டை வெடித்து வரும். 26 மணி நேரத்தில் பருவத்துக்கு வந்த ஆட்டுக்கு 43-ஆம் மணியில் போட்டால், முட்டை வரும்போது விந்தணுக்கள் மேலே காத்திருக்கும். 38-ஆம் மணியில் பருவத்துக்கு வந்த ஆட்டுக்கும் அதே 43-ஆம் மணியில் போட்டால் முட்டை வர இன்னும் நெடுநேரம் ஆகும். உறைய வைத்து உருக்கிய அணுவுக்குப் புது விந்தணுவின் ஆயுள் இல்லை. முட்டை வந்து சேரும்போது அங்கே எதிர்கொள்ள ஆளில்லை. கருப்பை வாயும் அந்த நேரத்தில் இறுகியே இருப்பதால் கன்னும் ஆழமாகப் போகாது. இரட்டை நட்டம்.

சரி, ஏன் சில ஆடுகள் தாமதமாகின்றன? தாமதமான ஆடுகளின் பதிவேடு பெரும்பாலும் ஒன்றையே சொன்னது: இதற்கு முன்பும் இசிஜி போட்டவை. ரத்தத்தில் தேடினால் அந்த ஹார்மோனுக்கு எதிரான ஆன்டிபாடிகள், அதாவது எதிர்ப்புப் புரதங்கள், இருந்தன. முதல் ஊசியிலேயே ஆட்டின் உடம்பு அதை அந்நியனாகப் பதிவு செய்துகொள்கிறது. நாளாவட்டத்தில் ஆன்டிபாடி குறையும், நினைவு குறையாது. அடுத்த ஆண்டு ஊசி உள்ளே போகும்போது ஏற்கெனவே காத்திருக்கும் ஆன்டிபாடிகள் ஹார்மோனில் ஒரு பங்கைக் கவ்விக்கொள்கின்றன. மிச்சம் கிடைத்ததைக் கொண்டு முட்டைப் பைகள் மெதுவாக வளர்கின்றன. எல்எச் பொங்குவது தள்ளிப்போகிறது. சில ஆடுகளில் பருவமே வராமல் போகிறது.

எல்லா ஆடும் ஒரே மாதிரி இல்லை என்பதும் தெரிந்தது. 1999-ல் ராய், மோரேல், கொம்பார்னூ, கியூ உள்ளிட்டோர் ஆல்பைன் ஆடுகளில் செய்த ஆய்வு, இந்த எதிர்ப்பின் அளவு, உடம்பின் எதிர்ப்பு சக்தியோடு தொடர்புடைய எம்எச்சி மரபணுப் பகுதியோடு தொடர்புடையது என்று காட்டியது. அதாவது சில ஆடுகள் பிறவியிலேயே இந்த ஊசியைக் கடுமையாக எதிர்ப்பவை, சில கண்டுகொள்ளாதவை. 2004-ல் வந்த இன்னொரு ஆய்வு இன்னும் விசித்திரம். சில ஆடுகளின் ஆன்டிபாடி ஹார்மோனைத் தடுப்பதற்குப் பதில் அதன் வேலையை இன்னும் கூட்டியது. ஒரே மருந்து, ஒரே மந்தை. ஒரு ஆட்டில் பிரேக், இன்னொன்றில் ஆக்ஸிலரேட்டர்.

என்னை மிகவும் பாதித்த விஷயம் இனிமேல்தான் வருகிறது. ஒரு பண்ணையில் எந்த ஆட்டுக்குச் சினை ஊசி போடுவார்கள்? நன்றாகக் கறக்கும் ஆட்டுக்கு. நல்ல கிடாவின் விந்தை நல்ல பெட்டைக்குப் போட்டு, அடுத்த தலைமுறைப் பெட்டைக் குட்டிகளை அதிலிருந்து எடுப்பார்கள். சுமாரான ஆட்டைக் கிடாவோடு விட்டுவிடுவார்கள். ஆக, ஆண்டுதோறும் இசிஜி ஏறியது மந்தையின் முதல்தர ஆடுகளுக்குத்தான். ஆன்டிபாடி சேர்ந்ததும் அவற்றில்தான். ஊசி நிற்கவில்லை என்று மலட்டுப் பட்டம் கட்டிக் கழித்தால், கழிவது பண்ணையின் மிகச் சிறந்த ரத்தம். எந்த ஆட்டுக்காக இந்த ஏற்பாடு முழுக்க உருவானதோ அந்த ஆட்டையே இது மெதுவாகத் தள்ளிக்கொண்டிருந்தது. ஆட்டிடம் குறை எதுவும் இல்லை. அதற்கென்று ஒரு நேரம் இருந்தது, அதை யாரும் பார்க்கவில்லை.

மாற்றியது என்ன?

உடனடியாகச் செய்யக்கூடியது, ஒரு ஆட்டுக்கு ஆண்டுக்கு ஒரு முறைக்கு மேல் இந்தச் சிகிச்சை வேண்டாம் என்பது. ஊசி நிற்காத ஆட்டுக்கு அதே ஆண்டில் மறுபடியும் பஞ்சும் இசிஜியும் வைத்து முயல்வது வீண், நிலைமையை மோசமாக்கும். அடுத்தது, கடிகாரத்தோடு கண்ணையும் சேர்த்துக்கொள்வது. இணைய முடியாதபடி வயிற்றுக்குக் கீழே ஏப்ரன் கட்டிய கிடாவைப் பஞ்சு எடுத்த மறுநாள் மந்தைக்குள் விட்டு, 30 மணி நேரத்துக்குள் எந்தெந்த ஆடு கிடாவுக்கு நிற்கிறது என்று குறித்துக்கொண்டால், தாமதமானவற்றுக்கு உறைவிந்தை வீணாக்க வேண்டாம். அவற்றைக் கிடாவுக்கு விடலாம், கழிக்க வேண்டியதில்லை.

பெரிய மாற்றம் இசிஜி இல்லாமலே ஆட்டை எழுப்பும் முயற்சி. இதற்கு இன்னொரு அழுத்தமும் சேர்ந்தது. ஐரோப்பாவில் இயற்கைமுறைப் பண்ணை என்று சான்று வாங்கியவர்கள் ஹார்மோன் கொடுத்துப் பருவத்துக்குக் கொண்டுவரக் கூடாது. அப்புறம், இந்த ஹார்மோனுக்காக ஐஸ்லாந்திலும் அர்ஜென்டினா, உருகுவே பக்கமும் சினைக் குதிரைகளிடம் ரத்தம் எடுக்கும் விதம் வெளியே தெரிந்து பெரிய எதிர்ப்பு கிளம்பியது. நம் ஆட்டின் சினைக்காகக் குதிரை படும் பாட்டையும் கணக்கில் சேர்க்கத்தான் வேண்டும் என்று நானும் நினைக்கிறேன்.

மாற்று வழி வெளிச்சமும் கிடாவும். குளிர்காலத்தில் கொட்டிலில் விளக்குப் போட்டு, நாளுக்கு 16 மணி நேரம் வெளிச்சம் என்று இரண்டரை, மூன்று மாதம் கொடுக்கிறார்கள். பிறகு விளக்கை நிறுத்தினால், வெளியே வசந்த காலத்துப் பகல் நீண்டுகொண்டிருந்தாலும் ஆட்டுக்கு அது சுருங்கிய பகலாகவே படும். இலையுதிர் காலம் வந்துவிட்டதாக உடம்பு எண்ணிக்கொள்ளும். கிடாக்களுக்கும் இதே விளக்கு வைத்தியம் உண்டு. இல்லாவிட்டால் அவை மந்தமாக இருக்கும். அதன்பின், பல வாரம் கண்ணிலும் மூக்கிலும் படாமல் பிரித்து வைத்த கிடாவை உள்ளே விடுகிறார்கள். அதன் வாடை பட்ட சில நிமிடங்களிலேயே பெட்டையின் ரத்தத்தில் எல்எச் துடிப்பு ஏறுகிறது. இரண்டு மூன்று நாளில் முட்டை வருகிறது. அந்த முதல் முட்டை பெரும்பாலும் பலனளிக்காது. ஐந்தாறு நாளில் ஒரு குட்டைச் சுழற்சி முடிந்து மறுபடியும் வரும் முட்டைதான் சரியானது. முன்கூட்டியே புரோஜெஸ்டோஜென் பஞ்சு வைத்தால் அந்தக் குட்டைச் சுழற்சியைத் தவிர்க்கலாம். பெல்லிசே-ரூபியோ முதலியோர் பல ஆண்டுகளாகச் சீர்செய்துவருவது இந்த வழியைத்தான். இதில் மணிக் கணக்கு இசிஜி அளவுக்கு இறுக்கமாக அமையாது. பருவம் பார்த்தே போட வேண்டியிருக்கிறது.

நம் பக்கம்

நம் வெள்ளாடுகளுக்கு இந்தப் பகல்-இரவுக் கட்டுப்பாடு இல்லை. ஆண்டு முழுக்கப் பருவத்துக்கு வரும், 21 நாளுக்கு ஒரு முறை. அதனால் நாலைந்து ஆடு வைத்திருப்பவருக்குப் பஞ்சும் பிஎம்எஸ்ஜியும் பெரும்பாலும் தேவையே இல்லை என்பது என் கருத்து. ஊசி போடுபவர் ஒரே நாளில் முடித்துக்கொள்ளும் வசதிக்காகவே பல இடங்களில் அதைக் கொண்டுவருகிறார்கள். ஒரு முறை போடுவதில் தவறில்லை. ஆனால் போட்டால் ஆட்டின் காது எண்ணோடு தேதியை எழுதி வையுங்கள். அடுத்த ஆண்டு வேறு யார் வந்து போட்டாலும் அந்தப் பக்கத்தைக் காட்டுங்கள்.

தானாகப் பருவத்துக்கு வந்த ஆட்டுக்குக் கணக்கு எளிது. காலையில் கிடாவுக்கு நிற்கத் தொடங்கினால் மாலையில் ஊசி, மாலையில் தொடங்கினால் மறுநாள் காலையில். வால் ஆட்டமும் கத்தலும் தொடங்கிய மணியைத்தான் குறிக்க வேண்டும்; நாம் கவனித்த மணியை அல்ல. கோழை கலங்கியிருந்தால் போடலாம். தெளிந்திருந்தால் பொறுத்துப் போடலாம்.

அந்த ஏழாவது ஆடு அந்தப் பண்ணையில் இன்னும் இருக்கிறது. அந்த முறை கிடாவுக்குச் சினைப்பட்டு இரண்டு பெட்டைக் குட்டி போட்டது. அதற்குப் பிறகு அதற்குப் பஞ்சு வைக்கவில்லை. அக்கா ஆள் அனுப்பும்போது போய்ப் போடுகிறேன்.